விருந்தாளியின் ஹக்கும் மலையின் ஹக்கும்

விருந்தாளியைச் சங்கை செய்வது ஈமானின் அடையாளம் என்பதை நம்மில் அறியாதவர் இல்லை. ஆனால் அந்தச் சங்கைக்கு எல்லை உண்டா? வந்தவர் தவறு செய்யும்போது வாய்மூடிப் பார்த்திருப்பதும் உபசரிப்பில் சேருமா? நீலகிரிவாசிகளான நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கோடைதோறும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் கேள்வி.

மலையைக் காணச் செல்வதே வீண் என்பார் சிலர். அது சரியன்று. ஒட்டகத்தையும் வானத்தையும் போலவே, மலைகள் நாட்டப்பட்டிருக்கும் விதத்தையும் நோக்கிச் சிந்திக்குமாறு ஸூரத்துல் காஷியாவில் அல்லாஹுத்தஆலா தூண்டுகிறான். உஹது மலையின்மீது தங்களுக்குள்ள நேசத்தை நாயகம் (ஸல்) அவர்கள் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். எனவே நண்பரை 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு அழைத்துச் செல்வதில் குற்றமில்லை. நிய்யத்துச் சீராயிருந்தால் நன்மையும் உண்டு.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த நண்பர் ஒருவருடன் குந்தாப் பக்கம் சென்றிருந்தோம். உணவு முடிந்ததும் எச்சில் தட்டுகளை அவர் ஓடையில் தள்ள முனைந்தார். "ஒரு மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும், ஹஜ்ரத்" என்றார்.

எங்கே போகும்? சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் சிறுகச் சிறுக விடுகின்றன. அந்த ஓடைகள் குந்தா ஆறாகிப் பவானியில் சேர்கின்றன. பவானிசாகரில் தேங்கி, கொடிவேரி அணைக்கட்டு வழியாக அந்த நீரே கோபி வயல்களில் பாய்கிறது. அவர் ஊர் மக்கள் ஒளுச் செய்யும் தண்ணீர் அது!

நம் வீட்டுச் சோறு நம்முடையது. விருந்தாளிக்காக அதை விட்டுக்கொடுத்துப் பட்டினியும் கிடக்கலாம். ஓடை நம்முடையதன்று. அதில் கீழ்நாட்டு விவசாயிக்கும், காட்டு விலங்குக்கும், பிறக்கவிருக்கும் பிள்ளைக்கும் ஹக்கு இருக்கிறது. பிறர் ஹக்கை விட்டுக்கொடுத்துத் தாராளம் காட்ட நமக்கு ஏது உரிமை? நீர்த்துறையையும் பாதையையும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தார்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும் திருத்தும் முறையில் விருந்தாளியின் மானம் காக்கப்பட வேண்டும். ஒளுவில் பிழை செய்த முதியவர் ஒருவரை ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவரும் கண்டிக்கவில்லை. தாங்கள் ஒளுச் செய்துகாட்டி அவரையே தீர்ப்புச் சொல்லக் கேட்டார்கள் என்றொரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. நாமும் வாதாடாமல் குனிந்து தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினோம். பொறுக்கிக்கொண்டே தண்ணீர் போகும் வழியைச் சொன்னோம். நண்பர் பேசாமல் வந்து பையை விரித்துப் பிடித்தார்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. வாகனங்களைச் சட்டம் எண்ணலாம்; ஓடையோரம் நீளும் கையை ஈமான்தான் தடுக்க வேண்டும்.

அன்பர்களே! விருந்தாளிக்கு மலையின் அழகைக் காட்டுவதோடு அதன் ஹக்கையும் சேர்த்துக் காட்டுங்கள். அதுவும் சங்கையே. அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.