தக்காளி இனாம்!

சாத்தூர் பக்கம் எனக்கு ஒரு நண்பர். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் கட்டியவர். ரிட்டையர் ஆன கையோடு ஒன்றரை ஏக்கர் கரிசல் காடு வாங்கி, போர் போட்டு, தோட்டக்காரர் ஆகிவிட்டார். "இனிமே மண்ணுதான்யா நமக்கு மேனேஜர்" என்பார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு தை மாதம் போயிருந்தேன். தக்காளி, கத்தரி, வெண்டை, பந்தலில் புடலை என்று காய்த்துக் குலுங்கியது. வீட்டில் இருப்பதோ புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். மிச்சத்தை என்ன செய்வது? தெருவுக்கே இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வள்ளல் களை!

அன்று சாயங்காலம் பக்கத்துக் காட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றார். தன் அரை ஏக்கரில் விளைவதைக் கூடையில் சுமந்து அதே தெருவில் விற்கிறவர். கோபமில்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. நீங்க சும்மா குடுத்தா, எங்கிட்ட யாரு காசு குடுத்து வாங்குவா? ஒங்களுக்குச் செடி கருகுனா மனசுதான் கஷ்டப்படும். ஒண்ணாந்தேதி பென்ஷன் வந்துரும். எனக்குக் கருகுனா வட்டி ஏறும்."

நண்பர் வாயடைத்துப் போனார். நானும்தான். தானம்கூட அடுத்தவர் வயிற்றில் அடிக்கும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, அடுத்த வருஷமே சிவகாசியில் ஆரம்பித்தார்கள். பிறகு பட்டாசும் சேர்ந்துகொண்டது. தொழில் அங்கே வேர்பிடிக்க அந்த வறண்ட வானமும் ஒரு காரணம். மழை பெய்தால் மருந்து காயாது. பெய்யாவிட்டால் பயிர் காயும். ஒரே வெயில் பட்டாசுக்கு வரம், சம்சாரிக்குச் சாபம்! காலையில் ஆபீஸ் வேன் மாதிரி பட்டாசு ஆலை வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிப் போய்விடும். களை எடுக்கக் கூலிக்கு ஆள் தேட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண்மணி பிடிவாதமாகத் தக்காளி போடுகிறார். அவருக்குப் போட்டியாக நம்ம பென்ஷன்காரர்!

பக்கத்திலேயே டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளாதார மேதை ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் தங்கியது அங்கேதான். அவர் குடிலில் ஓர் ஏழை விவசாயியின் படம் மாட்டியிருந்ததாம். யாரென்று கேட்டால், காந்தி என் எஜமானர், இவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்பாராம். ஓய்வுக்காலத்தில் கிராமத்துக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் பக்கத்துக் காட்டுக்காரரை எஜமானராக நினைக்கிறோம்? நமக்கு மனநிம்மதி வேண்டும். அது அவர் பிழைப்பின் மேல் நடந்துதான் வர வேண்டுமா?

அப்படியானால் ரிட்டையர் ஆனவர் மண்ணைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம். ஆனால் தன்னிடம் இருப்பது எது, அடுத்தவரிடம் இல்லாதது எது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கடன்காரரால் காத்திருக்க முடியாது. மூணு மாசத்தில் காசாகிற பயிரைத்தான் அவர் போடுவார். பென்ஷன்காரரால் காத்திருக்க முடியும். உண்மையில் அவருடைய ஒரே சொத்து அதுதான்.

நண்பர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்த வருஷமே காய்கறியைச் சமையலுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டு கொய்யா, நெல்லி, சீத்தா, கொடுக்காப்புளி, ஓரத்தில் நாவல் வைத்தார். சொட்டு நீர்தான். ஆனாலும், "என் போர் அந்தம்மா கிணத்துத் தண்ணியையும் சேத்து இழுக்குதோ?" என்ற உறுத்தல் அவரை விடவில்லை. விடாமல் இருப்பதே நல்லது.

போன மாதம் போனேன். கொய்யா காய்த்துவிட்டது. அந்த அம்மாதான் மொத்த விலைக்கு வாங்கிக் கூடையில் விற்கிறார். கிளம்பும்போது கேட்டார்:

"இந்த நாவல் எப்ப அண்ணாச்சி காய்க்கும்?"

"விதை போட்டு வந்தது தாயி. இன்னும் ஆறேழு வருஷம் ஆகும்."

"அப்ப நீங்க..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நண்பர் சிரித்தார். "நான் இல்லாட்டி என்ன? நீ பறிச்சு வித்துக்க!"