ஊசி போட்ட பசுவின் பாலும் தூய்மை பற்றிய கேள்வியும்

நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றிய பசுவின் பாலில் அந்த மருந்து சில நாட்களுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பால் உண்ணத் தக்கதா, படைக்கத் தக்கதா, அறிந்தே அதை விற்றவரின் குற்றம் எவ்வளவு, அறியாமல் விற்றவருக்கு அதில் பங்கு உண்டா ஆகிய கேள்விகள் இலங்கையின் மலையகத்தில் அன்றாட வாழ்வோடு ஒட்டியவை. நுவரெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, ஹட்டன் பகுதிகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை ஒட்டி மாட்டுக் கொட்டில்கள் இருக்கின்றன. அம்பேவெல, போபத்தலாவ போன்ற பெரும் பண்ணைகளைப் போலன்றி, இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு பசு அல்லது இரண்டு பசுக்கள்தான். காலையில் கறந்த பால் கேனில் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதே பாலில் ஒரு செம்பு தோட்டத்து மாரியம்மன் கோயில் அபிஷேகத்துக்கும், திருவிழாக் காலத்தில் பால்குடத்துக்கும் போகிறது.

மலைக்குளிருக்கு ஏற்றவை என்று இங்கே வளர்க்கப்படும் பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் இனப் பசுக்களும் அவற்றின் கலப்பினங்களும் நிறையப் பால் தருபவை. மழை ஓயாத மாதங்களில் கொட்டில் தரை ஈரமாகவே கிடக்கும். மடிநோய்க்கு அது போதும். மடி வீங்கிச் சூடேறும், பாலில் திரி திரியாகக் கட்டி வரும். மிருக வைத்தியர் ஊசி போடுவார், அல்லது காம்புத் துளை வழியே பெனிசிலின், குளொக்சசிலின் போன்ற மருந்தை மடிக்குள் ஏற்றுவார். மருந்துக்கு ஏற்ப இத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்ற கணக்கு உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல மருந்துகளுக்கு அது மூன்று நான்கு நாள். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றினாலும் அது இரத்தத்தில் கலந்து மற்ற மூன்று காம்புகளுக்கும் எட்டலாம் என்பதால் நான்கு காம்புப் பாலையும் விலக்க வேண்டும். நோயுள்ள காம்பின் பாலை மட்டும் கீழே கறந்துவிட்டு மீதியைக் கேனில் ஊற்றுவது தவறு.

பாலில் பென்சைல்பெனிசிலினுக்கு சர்வதேச உணவு நெறிக் குழுவான கோடெக்ஸ் வைத்துள்ள உச்ச வரம்பு கிலோகிராமுக்கு 4 மைக்கிரோகிராம். அதாவது ஒரே ஒரு மில்லிகிராம் மருந்து ஏறத்தாழ 250 லீற்றர் பாலை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு கொட்டிலின் பால் ஊரின் பாலையே கெடுக்கும் என்பது இங்கே மிகையல்ல. நிறமோ மணமோ சுவையோ எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. பொங்கிவரக் காய்ச்சினாலும் பெனிசிலினின் பெரும்பகுதி அழிவதில்லை.

பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அது தோல் தடிப்பு முதல் மூச்சுத் திணறல் வரை உண்டாக்கலாம். யோகட் செய்யும் பக்டீரியாக்களை மருந்து முடக்கிவிடுவதால் பால் உறையாமல் தண்ணீராய் நிற்கும். எல்லாவற்றிலும் பெரிய தீங்கு மெதுவாக வருவது: சிறு சிறு அளவில் மருந்துக்குப் பழகிய கிருமிகள் அதற்கு அடங்காதவை ஆகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் தம் நோபல் உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமிகளை எதிர்க்கக் கற்றுக்கொடுத்துவிடும் என்று எச்சரித்தார்.

கண்ணுக்குத் தெரியாத இந்த எச்சத்தைக் கண்டறியும் முறைகளுள் பெயர்பெற்றது 1970களில் நெதர்லாந்தில் உருவான டெல்வோடெஸ்ட். வெப்பத்தில் செழிக்கும் ஒருவகைப் பக்டீரியாவின் வித்திகள் ஊதா நிற அகாரில் பதிந்திருக்கும். அதன்மேல் துளிப் பாலை விட்டு 64 பாகை செல்சியசில் சுமார் மூன்று மணி நேரம் வைப்பார்கள். பாலில் மருந்து இல்லையென்றால் பக்டீரியா வளர்ந்து அமிலம் சுரக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதா அப்படியே நிற்கும். பத்து நிமிடங்களுக்குள் கோடு காட்டும் பட்டைகளும் உண்டு. சில குறிப்பிட்ட மருந்துக் குடும்பங்களையே அவை அறியும். எந்த மருந்து, எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடக் கருவி வேண்டும். மடிநோய் கண்ட பசுவின் பாலில் இயற்கையாகவே ஊறும் லைசோசைம் போன்ற பொருட்களும் பக்டீரியாவைத் தடுப்பவை என்பதால், மருந்தே ஏற்றாத பாலும் சில வேளை ஊதாவாக நின்றுவிடும். ஆகவே முதற் சோதனையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் குற்றவாளியாக்குவது அநீதி.

பசுவின் பால் எப்போதும் தூயது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. பால், தயிர், நெய் மூன்றும் பஞ்சகவ்வியத்தில் சேர்பவை. சேர்ந்த இடத்தைத் தூய்மையாக்குபவை என்று கருதப்படுபவை. ஆனால் பழைய நூல்களே இதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. மனு நூலின் ஐந்தாம் அத்தியாயம், ஈன்று பத்து நாள் கழியாத பசுவின் பாலையும் கன்றை இழந்த பசுவின் பாலையும் விலக்கச் சொல்கிறது. மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்த அந்த நூலை மலையகத் தொழிலாளர் தலைமேல் வைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆயினும் இந்த விதிக்குள் ஒரு தெளிவு இருக்கிறது: பாலின் தகுதி அது பால் என்பதால் மட்டும் வந்துவிடுவதில்லை, தரும் உயிரின் நிலையும் கன்றின் நிலையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. நோயுற்று மருந்தில் இருக்கும் பசுவின் பாலைச் சில நாள் விலக்குவது, இப்படிப் பார்த்தால், சமயத்துக்குப் புறம்பான புது விதியல்ல. தீ எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கைதான், காய்ச்சினாலும் மருந்து போகாததால், இங்கே உதவாமல் போகிறது.

அறிந்து செய்வது, அறியாமல் செய்வது என்ற வேறுபாட்டைச் சமயங்கள் வெவ்வேறாக எடைபோட்டன. எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படை. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், உடலால் செய்யும் தீங்கே பெரிது என்ற நிகண்டர் (சமணர்) கொள்கைக்கு எதிராகப் புத்தர் மனத்தின் வினையையே பெரிதாக வைக்கிறார். அப்படியானால் உறையைப் படிக்கத் தெரியாமல், வைத்தியரும் சொல்லாமல், பாலை ஊற்றிய பெண்ணிடம் தீவினை இல்லை. ஆனால் பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் துறவி நாகசேனர், அறியாமல் தீங்கு செய்பவருக்கே கேடு அதிகம் என்கிறார்: பழுக்கக் காய்ந்த இரும்புருண்டை என்று தெரியாதவர்தான் அதை இறுகப் பிடித்துச் சுட்டுக்கொள்வார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரி. குற்றம் எண்ணத்தைப் பொறுத்தது. தீங்கு அறியாமையால் பெருகுவது. எனவே அறியாதவரைத் தண்டிப்பதைவிட, அறிந்த வைத்தியரும் நிறுவனமும் அவருக்கு அவர் மொழியில் சொல்லிவைப்பது முதற் கடமை. மருந்து உறையில் சிங்களமோ ஆங்கிலமோ மட்டும் இருந்தால் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள முடியாது.

அறிந்து மறைப்பதோ வேறு. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீபா உமர் பார்க்காவிட்டாலும் உமரின் இறைவன் பார்க்கிறான் என்று மறுத்த மகளின் கதை இஸ்லாமிய மரபில் புகழ்பெற்றது. அதை இரவில் மதீனாவைச் சுற்றிவந்த உமரே கேட்டதாகவும், பிறகு அந்தப் பெண்ணைத் தம் மகனுக்கு மணமுடித்ததாகவும் சொல்வார்கள். இங்கும் பார்ப்பவர் இல்லை: சேகரிப்பு நிலையத்தில் எல்லாக் கேன்களும் ஒரே தொட்டியில் கவிழ்ந்தபின் யார் பால் எது என்று பிரிக்க முடியாது. சோதனை அந்தக் கலவையைத்தான் காண்கிறது; கொட்டிலில் நடந்ததைக் கறந்தவர் மட்டுமே அறிவார். பிறர் பொருளையும் தம் பொருளாகப் பேணுவதே வாணிகம் என்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் முடிவதும் இந்த இடத்துக்குப் பொருந்தும்.

அந்த நடுவுநிலைமை வாங்குபவருக்கும் உரியது. கொழுந்து பறிக்கும் சம்பளத்துக்குள் அடங்காத மாதச் செலவைப் பால் காசு ஈடுகட்டும் வீட்டில், நான்கு நாள் பாலைக் கொட்டுவது கடைக் கடனாகவும் பிள்ளையின் பள்ளிச் செலவாகவும் வந்து நிற்கும். உண்மை சொன்னவர் முழு இழப்பையும் தனியே சுமக்க, மறைத்தவர் காசு வாங்கிப் போகும் ஏற்பாடு பொய்யை வளர்க்கும் ஏற்பாடு. ஊசி போட்டதைத் தாமே சொல்லும் குடும்பத்துக்கு அந்த நாட்களின் விலையில் ஒரு பங்கைச் சேகரிக்கும் சங்கமோ தொழிற்சாலையோ கொடுப்பது, ஒரு தொட்டிப் பாலையே கொட்ட நேர்வதைவிட மலிவானது. ஒவ்வொரு கேனிலிருந்தும் சிறு மாதிரி எடுத்து, தொட்டியின் முடிவு வரும்வரை குளிரில் வைத்திருந்தால், தவறு நேர்ந்த கொட்டிலை ஊகத்தால் அல்லாமல் சான்றால் அடையாளம் காணலாம். மற்றவர் மீது பழி விழாது.

விலக்கிய பாலை என்ன செய்வது என்பதும் அறக் கேள்விதான். கன்றுக்குக் கொடுத்தால் வீணாகாது என்று தோன்றும்; ஆனால் மருந்தெச்சம் உள்ள பாலைக் குடிக்கும் கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, சாணத்தோடு தோட்டத்து மண்ணுக்கு வருகின்றன. கோயில் அபிஷேகத்துக்குக் கொடுத்தால் யாரும் குடிக்கப்போவதில்லை என்ற வாதமும் நிற்காது. அபிஷேகப் பாலைத் தீர்த்தமாக வாங்கிக் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். விற்கத் தகாததைத் தெய்வத்துக்கு ஒதுக்குவது படையலும் ஆகாது. கானில் ஊற்றினால் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயா வழியே மகாவலியில் சேரும். ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் உள்ள சாணக் குழியில் ஊற்றி, மட்கவிட்டு, பிறகு எருவாக்குவதே சிறு கொட்டில்களுக்கு இயன்ற வழி.