உழைச்செல்வான்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருந்தை நான்கு கூறாக்குகிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து அதைச் செலுத்தும் உழைச்செல்வான். பரிமேலழகர் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணம் தருகிறார். நோயாளிக்கு வேண்டியவை பொருளுடைமை, மருத்துவன் வழி நிற்றல், நோயின் நிலையை உணர்த்தல், மருந்துத் துன்பத்தைப் பொறுத்தல். எங்கள் வீட்டுப் பூனைக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு வருஷமாக நான் அதற்கு உழைச்செல்வான். இப்படிப்பட்ட நோயாளிக்கு வைத்தியம் செய்ய எனக்கு என்ன அதிகாரம்?

நோய் குடலில். வாந்தி, இளகிய மலம், தின்றும் மெலிதல். நாலு கிலோவுக்கு மேலிருந்த உடம்பு மூன்றாயிற்று. குடற்சுவரில் நீடித்த அழற்சி என்றார் மருத்துவர். மெதுவாக வளரும் ஒருவகை நிணநீர்ப் புற்றும் இதே தோற்றம் காட்டும். உறுதியாகப் பிரித்தறியக் குடல் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். அழற்சிதான் என்றாலும் தீர்ப்பது என்ற பேச்சில்லை, அடக்கி வைக்கலாம். முதலில், அதுவரை தின்றறியாத ஒரே இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். உணவால் அடங்குவதானால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரியும். மீனும் கோழியும் தின்று வளர்ந்த பூனை. ஆகவே ஆடு.

நான் புலால் உண்பதில்லை. கசாப்புக் கடையில் நின்று கொழுப்பில்லாத தொடைக்கறி கால் கிலோ கேட்டேன். பூனை இறைச்சிக்கென்றே அமைந்த பிராணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தன் உடம்பிலேயே ஆக்கிக்கொள்ள அதனால் முடியாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வேகவைத்த கறியையே நீண்டநாள் கொடுப்பதென்றால் டாரினைத் தனியே சேர்க்க வேண்டும். இதெல்லாம் இயற்கை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பூனை கொல்வது எலியை. ஆட்டைத் தேர்ந்தவன் நான். என் கொல்லாமை என் தட்டின் விளிம்போடு நின்றுவிட்ட சுத்தம் என்று அன்று தெரிந்தது.

உணவு பாதி உதவியது. மீதிக்கு பிரெட்னிசலோன், தினம் 5 மில்லிகிராம்; பிறகு படிப்படியாகக் குறைத்தல். நீண்டநாள் கொடுத்தால் நீரிழிவு வரலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே. வாரம் ஒன்றாக பி12 ஊசி. நம் வைத்தியர்கள் கசப்பைத் தேனில் குழைத்துத் தருவார்கள். பூனையின் நாவுக்கு இனிப்பே தெரியாது. அதை உணர்வதற்கான மரபணு பூனையில் செயலற்றுக் கிடப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும். ஏமாற்றத் தேன்கூட இல்லாதபோது மிஞ்சுவது பலம். துண்டில் சுற்றி, தாடையைத் திறந்து, நாவின் வேரில் மாத்திரையை வைத்து, வாயை மூடிப் பிடிக்கிறேன்.

குழந்தைக்கும் இப்படித்தானே என்றார் நண்பர். குழந்தை வளர்ந்து ஒருநாள் திரும்பிப் பார்த்துச் சம்மதிக்கும் என்ற நம்பிக்கையில் இன்று அதன் மூக்கைப் பிடிக்கிறோம். பூனை அந்த நாளை எட்டப்போவதில்லை. வயிற்றில் வலி ஒன்று இருக்கிறது; காலையில் ஒரு கை வந்து வாயைப் பிளக்கிறது. இரண்டுக்கும் உள்ள உறவு என் மூளையில் மட்டும்.

ஆகவே அதன் இலக்கணங்களை நான் சுமக்கிறேன். பொருள் என்னுடையது, மருத்துவன் வழி நிற்பது நான், மலத்தைக் கிளறிப் பார்த்து நோய்நிலை உணர்த்துவதும் நான். நாலாவதை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. துன்பம் அதனுடையது. மூன்றைச் சுமப்பவனுக்கு நாலாவதையும் தானே படுவதாக மயக்கம் வருகிறது. ‘இவ்வளவு செய்த பிறகு’ என்று ஒருநாள் சொல்லிக்கொண்டேன். சொன்னதும் பயம் வந்தது. நான் பிழைக்கவைப்பது பூனையையா, என் இரண்டு வருஷ உழைப்பையா?

திசுப் பரிசோதனை வேண்டாம் என்றதையும் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அதன் வயிற்றைக் கிழிக்க மனமில்லை என்று வெளியே சொன்னேன். பதில் தெரியவேண்டாம் என்ற கோழைத்தனமும் உள்ளே இருந்தது. கருணையையும் கோழைத்தனத்தையும் பிரித்துக் காட்ட எந்தத் திசுவை எடுப்பது?

இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பூனைக்கு வருஷங்கள் கிடையாது, நாட்கள்தான். வரப்போகும் நன்மையைக் காட்டி இன்றைய வலியைக் கழிக்க எனக்கு உரிமை குறைவு. நாளில் அரை நிமிஷம் என் கையில் திமிறுகிறது. மீதி நேரத்தில் தின்கிறதா, வெயிலில் நீட்டிப் படுக்கிறதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? அந்த அரை நிமிஷத்துக்கு இவை அன்றைக்கே ஈடாக வேண்டும். ஒருநாள் தவறலாம். தொடர்ந்து தவறினால் கணக்கை மூட வேண்டியவனும் நான்தான். இதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. சம்மதம் கிடைக்காத இடத்தில் என்மேல் நான் வைத்துக்கொண்ட காவல்.

மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டால் பீரோவுக்கு அடியில் ஓடுகிறது. மத்தியானம் தானாக வந்து மடியில் ஏறிப் படுக்கிறது. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள ஆசைதான். பரிமேலழகர் உழைச்செல்வானுக்குச் சொன்ன நான்கில் நோயாளியிடம் அன்புடைமை உண்டு. நோயாளியின் அன்பைப் பெறுதல் இல்லை.