சிவப்பு மை

பினாங்கில் ‘எழுதுகிற வாத்தியார்’ என்றால் ரெ. கார்த்திகேசுதான் நினைவுக்கு வருகிறார். வானொலியிலிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு வந்து பேராசிரியரானவர், 2016இல் மறைந்தார். விரிவுரை, கூட்டம், விடைத்தாள் எல்லாவற்றுக்கும் நடுவேதான் ‘வானத்து வேலிகள்’ போன்ற நாவல்கள் வந்தன. “ஓய்வு பெற்றதும் எழுதுவேன்” என்று கனவைத் தள்ளிப்போடும் ஆசிரியர்கள் (நம்மில் பாதிப் பேர்!) இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். சனிக்கிழமை காலை, லெபோ பாசார் பக்கம் பசியாறப் போகிறோம். நுரை ததும்பும் தே தாரிக். கறியில் ஊறிய ரொட்டி சானாய். பக்கத்து மேசையில் மகனின் கைப்பேசிச் செலவைக் குடைந்து குடைந்து கேட்கும் அப்பா. நல்ல சிறுகதை ஒன்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ரசீதின் பின்புறம் இரண்டு வரி குறித்துக்கொள்ளச் சட்டைப்பையில் பேனாவும் உண்டு. என்ன, மைதான் சிவப்பு.