ஓட்டுநர் இல்லாத காரும் ஊராரின் ஒப்புதலும்

ஓட்டுநர் இல்லாத கார் ஒரு நகரத்துச் சாலைக்கு வரும்போது, அதை எதிர்கொள்பவர்கள் இரண்டு வகையினர். கைபேசியில் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, அதில் ஏறி அமர்பவர்கள் ஒரு வகை. அதே சாலையில் தம் வண்டியை ஓட்டிச் செல்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், குழந்தையின் கையைப் பிடித்தபடி மறுபுறம் கடப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் அந்தக் காரை விரும்பித் தேர்ந்தவர்கள். இரண்டாம் வகையினரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓட்டுநரில்லா கார்கள் குறித்து மக்களிடம் நிலவும் ஐயத்திலும் அச்சத்திலும் கோபத்திலும் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

தொழில்நுட்பம் வளர்ந்த வேகம் பெரிது. 2004 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் தானாக ஓடும் வண்டிகளுக்கு ஒரு போட்டி நடத்தியது. எந்த வண்டியும் எல்லையை எட்டவில்லை. முன்னணியில் சென்ற வண்டிகூட 12 கிலோமீட்டருக்குள் நின்றுபோனது. மறு ஆண்டே 212 கிலோமீட்டர் பாதையை ஐந்து வண்டிகள் ஓடி முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ வென்றது. 2009-இல் கூகுள் இத்துறையில் இறங்கியது. அந்த முயற்சி 2016-இல் வேமோ என்ற தனி நிறுவனமானது. 2020 அக்டோபரில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் புறநகரில், ஓட்டுநர் இருக்கை காலியாக உள்ள டாக்சி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் அது சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் பரவியது. சீனாவின் வூஹானில் பைடு நிறுவனத்தின் கார்கள் இதே வேலையைச் செய்கின்றன.

நம்பிக்கை அந்த வேகத்தில் வளரவில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ இதுபற்றி ஆண்டுதோறும் கருத்துக் கணிப்பு நடத்துகிறது. 2025-இல் 61 விழுக்காட்டினர் தானாக ஓடும் காரில் செல்ல அஞ்சுவதாகக் கூறினர். நம்புவதாகச் சொன்னவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே. பியூ ஆய்வு மையம் 2021-இல் கேட்டபோது, இத்தகைய கார்கள் பரவுவது சமூகத்துக்குத் தீங்கு என்றவர்கள் 44 விழுக்காடு, நன்மை என்றவர்கள் 26 விழுக்காடு. எஞ்சியோர் முடிவுக்கு வராதவர்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த அச்சத்துக்கு நியாயமான வேர்கள் உண்டு.

முதல் வேர், ஆபத்தை யார் தேர்ந்தெடுத்தார் என்பது. சான்ஸி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கை முன்வைத்தார். பிறர் தம்மீது சுமத்தும் ஆபத்தைவிட, தாமாக விரும்பி ஏற்கும் ஆபத்தை மக்கள் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. மலையேறுபவர் தம் உயிரைத் தாமே பணயம் வைக்கிறார். அதே மனிதர் தம் வீட்டருகே வரும் ஆலையின் சிறு ஆபத்தையும் எதிர்க்கிறார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. தன் உயிரைப் பற்றிய முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்று மனிதர் எதிர்பார்க்கிறார். ஸ்டியரிங் தன் கையில் இருக்கும்போது வராத பயம், சக்கரத்தைத் திருப்ப ஆளே இல்லாத கார் பக்கத்துத் தடத்தில் வரும்போது எழுவதும் இதனால்தான்.

இரண்டாவது வேர், சாலையில் நடக்கும் உரையாடல். போக்குவரத்து விதிகள் எல்லாவற்றையும் தீர்த்துவைப்பதில்லை. குறுகிய தெருவில் எதிரெதிரே வரும் இருவரில் யார் முதலில் போவது, சாலையோரம் தயங்கி நிற்கும் முதியவர் கடக்கப்போகிறாரா என்பவை ஒரு பார்வையிலும், ஒரு கையசைப்பிலும், வேகத்தைச் சற்றுக் குறைப்பதிலும் முடிவாகின்றன. காலி இருக்கை இந்த உரையாடலில் சேர்வதில்லை. பொறியாளர்களும் இதை உணர்ந்தே, கூரையில் சிறு திரை வைத்து, நடந்து போகிறவரைக் கார் கண்டுகொண்டதைப் படமாகக் காட்டுகிறார்கள். அது பாதி விடைதான். 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் பல பகுதிகளில் மின்சாரம் நின்று சிக்னல்கள் அணைந்தபோது, மனிதர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுச் சமாளித்தார்கள். வேமோ கார்கள் பலவும் சந்திப்புகளில் அப்படியே நின்றன. நிறுவனம் சேவையையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது வேர் எல்லாவற்றிலும் ஆழமானது: தவறு நேர்ந்தால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி இறந்தார். தானோட்டிக் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தவை அதிரவைப்பவை. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் கணினி அவரை ஒரு வாகனம் என்றும், இன்னதென்று தெரியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாறிமாறி வகைப்படுத்தியது. குறுக்குக்கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடக்கக்கூடும் என்பதற்கு மென்பொருளில் இடமே தரப்படவில்லை. காரோடு வந்த அவசர பிரேக் அமைப்பு, சோதனை ஓட்டத்தின்போது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. காரில் அமர்ந்து அதன் ஓட்டத்தைக் கண்காணிக்க வேண்டிய பெண் ஊழியர் தன் கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை. இருக்கையில் இருந்த ஊழியர் மட்டும் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அந்த மென்பொருளை அப்படி வடிவமைத்த முடிவுகளுக்கு எந்தத் தனிமனிதரும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஏஏஏ கணிப்பில் 2017 இறுதியில் 63 விழுக்காடாக இருந்த அச்சம், இந்த விபத்துக்குப் பின் 73 விழுக்காடாக உயர்ந்தது.

சிறு மீறல்களிலும் இந்த வெற்றிடம் தென்படுகிறது. 2025 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் ப்ரூனோ போலீசார், விதியை மீறி ‘யு’ திருப்பம் எடுத்த வேமோ காரை நிறுத்தினர். அபராதச் சீட்டு எழுத உள்ளே ஆள் இல்லை. மாநிலச் சட்டம் ஓட்டுநருக்கே அபராதம் விதிக்க இடம் தந்திருந்தது. நிறுவனத்துக்கே மீறல் அறிவிப்பு அனுப்ப வழிசெய்யும் சட்டம் 2024-இல் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்த 2026 ஜூலை என நாள் குறிக்கப்பட்டது. கார்கள் முதலில் வந்தன, சட்டம் பின்னால் வந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் 2023-இல் நடந்தவை, நம்பிக்கை எதனால் உடைகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. கார்கள் வழியை மறித்து நிற்பதாகத் தீயணைப்புத் துறை புகார் சொன்னது. ஜூலையில் சிலர் போக்குவரத்துக் கூம்புகளைக் கார்களின் முன்மூடியில் வைத்து அவற்றை நகரவிடாமல் செய்து எதிர்ப்பைக் காட்டினர். நகர நிர்வாகம் எதிர்த்தபோதும், மாநில ஆணையம் ஆகஸ்ட் 10-இல் 3-க்கு 1 என்ற வாக்கில், ஜெனரல் மோட்டார்ஸின் க்ரூஸ், வேமோ ஆகிய இரண்டு நிறுவனங்களுக்கும் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணச் சேவை நடத்த அனுமதி தந்தது. அக்டோபர் 2-இல், மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை மோதித் தூக்கியெறிந்தது. அவர் க்ரூஸ் காரின் முன்னே விழுந்தார். மோதி நின்ற கார், ஓரம் ஒதுங்குவதற்காக மீண்டும் நகர்ந்து அவரை ஆறு மீட்டர் அளவுக்கு இழுத்துச் சென்றது. விபத்தைத் தொடங்கியவர் மனிதர்தான். அவர் நிற்காமல் தப்பிப் போனார். ஆயினும் க்ரூஸின் உரிமம் அம்மாதமே நிறுத்தப்பட்டது. இழுத்துச் சென்ற பகுதியை நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். பொய்யான அறிக்கை அளித்ததாக நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் திட்டத்தையே கைவிட்டது. விபத்தை மன்னிக்கும் மக்களும் மறைப்பை மன்னிப்பதில்லை.

எதிர்ப்பு சில நேரம் வன்முறையாகவும் மாறியது. அரிசோனாவின் சாண்ட்லரில் வேமோ வண்டிகள் மீது கல்லெறிந்தார்கள், டயர்களைக் கிழித்தார்கள். 2024 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் ஒரு கூட்டம் வேமோ காருக்குத் தீ வைத்தது. இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் கேட்கப்படாத குரல் எங்கே போய் முடியும் என்பதை இது காட்டுகிறது. அந்தக் குரலில் பிழைப்பைப் பற்றிய பயமும் கலந்திருக்கிறது. 2024-இல் வூஹான் டாக்சி ஓட்டுநர்கள் தம் வருமானம் சரிவதாக முறையிட்டார்கள். ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் என்பதால் இத்தகைய கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2023 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஒரு குடும்பத்தின் சோறு சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பாதுகாப்புப் புள்ளிவிவரம் பதிலாகாது.

இத்தனைக்கும் எதிரே இன்னொரு உண்மை நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் மட்டும் சாலை விபத்துகளில் 11.9 லட்சம் பேர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய அனைவரையும் கொன்றவை மனிதர் ஓட்டிய வண்டிகள். குடித்துவிட்டு ஓட்டுவது, தூங்கிவிடுவது, கைபேசி பார்ப்பது ஆகியவை கணினிக்கு இல்லாத குறைகள். 2025-இல் வெளியான ஆய்வொன்று, வேமோ கார்கள் ஓட்டுநர் இன்றி ஓடிய 5.67 கோடி மைல்களை அதே நகரங்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டது. பாதசாரிகள் காயமடையும் விபத்துகள் 92 விழுக்காடு குறைவு என்றது. ஆய்வாளர்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பத்துக் கோடி மைலுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகவே உயிரிழப்பு நேர்கிறது. ஆகவே உயிரிழப்பை ஒப்பிட 5.67 கோடி மைல் போதாது என்பதும் உண்மை. ஆயினும் காயங்கள் குறைந்திருப்பது அற்பமான செய்தி இல்லை. பார்வையற்றவருக்கும் ஸ்டியரிங் பிடிக்க முடியாத முதியவருக்கும் இந்தக் கார் தரும் தன்னுரிமையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழகிப்போன மரணங்களைக் கண்டு கலங்காத மனம், புதிய ஒரு மரணத்துக்கு மட்டும் பதறுவது அறமாகாது.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை வரலாறு சொல்கிறது. இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடியோடு நடக்க வேண்டும் என்றது. சுவிட்சர்லாந்தின் கிராவ்பூண்டன் மாநிலம் 1900 முதல் 1925 வரை காரையே தடை செய்திருந்தது. மக்கள் மீண்டும் மீண்டும் வாக்களித்து அந்தத் தடையைக் காத்தார்கள். 1923-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், கார் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி கருவி பொருத்த வேண்டுமென 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கார்த் தொழில் திரண்டு எதிர்த்ததில் அந்த முயற்சி வாக்கெடுப்பில் தோற்றது. பிறகு பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கத் தெருவில் நடப்பவரே குறுக்கிடுபவர் ஆனார். அதுவரை குழந்தைகள் விளையாடிய, வியாபாரிகள் கடைவிரித்த இடம் வண்டிகளுக்கு உரியதாயிற்று. அந்த மாற்றத்தில் இழந்தவர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. உயிர்விலை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் செலுத்தப்பட்டு வருகிறது.

சாலையில் இரண்டாம் பெரும் மாற்றம் நிகழும் இந்தக் காலத்தில், முதல் முறை செய்யாததைச் செய்ய வாய்ப்பு உண்டு. பிரிட்டன் 2024-இல் இயற்றிய தானோட்டி வாகனச் சட்டம், கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்கு ஈடான பாதுகாப்பைக் கோருகிறது. கார் தானாக ஓடும்போது நேரும் தவறுக்கு உள்ளே இருப்பவரை விடுவித்து, அனுமதி பெற்ற நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. இது சரியான தொடக்கம். இதற்கு மேல் மூன்று தேவைகள் உள்ளன. விபத்துத் தரவுகளை நிறுவனம் சாராத அமைப்புகள் சரிபார்க்க முழுமையாக வெளியிட வேண்டும். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை கார்கள் என்று தீர்மானிப்பதில் அந்த ஊருக்கு உண்மையான உரிமை வேண்டும். வேலை இழக்கும் ஓட்டுநருக்கு மாற்று வாழ்வாதாரம், கார்கள் இறங்குவதற்கு முன்பே திட்டமிடப்பட வேண்டும்.

கார் எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் விடை தரலாம். எவ்வளவு பாதுகாப்பு போதும், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விகள் சாலையைப் பகிரும் அனைவருக்கும் உரியவை. காரில் ஏறாதவரின் ஒப்புதலையும் மதித்துப் பெறும் ஊரில் இந்தக் கார்கள் உயிர்களைக் காக்கும் பொதுச்சொத்தாகலாம். அந்த ஒப்புதலைக் கேட்காத ஊரில், விபத்துகள் எவ்வளவு குறைந்தாலும், அவை மக்கள்மீது சுமத்தப்பட்ட கார்களாகவே இருக்கும்.