அழகாத்தான் இருந்துச்சு!

உங்களுக்கும் இந்த ஆசை நிச்சயம் இருக்கும். நாலு நாள் லீவு போட்டுவிட்டு, செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஏதாவது ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். காலையில் சேவல் எழுப்ப வேண்டும். வாசலில் வேப்பமரம், கொஞ்ச தூரத்தில் கடல், போய்ப் பார்க்க நாலு பழைய கோயில், ஒரு கோட்டை. டிராஃபிக் கிடையாது, மீட்டிங் கிடையாது, 'அர்ஜென்ட்' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எனக்கு அந்த ஆசை போன தை மாதம் நிறைவேறியது. பொங்கல் முடிந்த மறு வாரம். திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். நண்பர் ஒருவரின் பெரியப்பா வீடு. ஓட்டு வீடு, திண்ணை, கொல்லைப்புறம் தாண்டினால் வயல். காலையில் கிளம்பி ஊர் சுற்றுவது, சாயங்காலம் திண்ணைக்குத் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு.

முதல் நாள் ராத்திரி திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு, "எவ்வளவு அமைதியா இருக்கு பெரியப்பா!" என்றேன்.

பெரியவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "அமைதிக்கு என்ன குறைச்சல்? சத்தம் போடுற பசங்கள்லாம் திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கானுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பக்கத்து மீனவ கிராமத்துக்குப் போனேன். மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். கீற்றுக் குடிசைகள், மணலில் கட்டுமரம், பின்னால் சூரியன். காலண்டரில் பார்த்திருப்பீர்களே, அதே படம்தான். அங்கே இருந்ததோ வரிசையாகக் கான்கிரீட் வீடுகள். பச்சை, ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் பெயின்ட். மொட்டைமாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா. கரையில் ஃபைபர் படகுகள். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஏதோ ஒரு தொட்டி உள்ளே வந்து நின்றது.

அன்னக்கூடையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "முன்னாடி இங்கே எல்லாம் கூரை வீடா இருந்திருக்கும்ல? அழகா இருந்திருக்குமேம்மா!"

"அழகாத்தான் இருந்துச்சு தம்பி" என்றார், கையை நிறுத்தாமல். "ஒரு அலைக்குத் தாங்கல. வீடும் போச்சு, என் மாமியாரும் போய்ட்டாங்க."

2004 டிசம்பர் 26. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்த நாள். அதை ஒரு பத்திரிகைக்காரன் மறந்துவிட்டு, கீற்றுக் கூரைக்கு ஏங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

புது வீடு எப்படியிருக்கிறது என்று கேட்டேன். குறைகளும் சொன்னார். மழைக்கு ஒரு மூலையில் ஒழுகுகிறதாம். கடலை விட்டுத் தள்ளிக் கட்டிவிட்டதால், போட்டு திரும்பிவிட்டதா என்று வாசலில் இருந்தே பார்க்க முடிவதில்லையாம். நியாயமான குறைகள். ஆனால், அவை அங்கே வாழ்கிறவரின் குறைகள். என் குறை வேறு. என் போட்டோ கெட்டுப்போயிற்று என்பதுதான் என் குறை.

"போட்டோதான எடுக்கணும்? வா, என் வீட்டு முன்னாடி எடு" என்று கூட்டிக்கொண்டு போனார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றார். தண்ணீர்த் தொட்டியும் விழுகிற மாதிரி எடுத்தேன்.

அன்று மத்தியானம் தரங்கம்பாடி கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோதும் இதே யோசனைதான். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. இன்றைக்கு அலைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. நாமும் 'ஆஹா' என்கிறோம். ஆனால், அதைக் கட்டியவர்கள் அமைதிக்காகவா கட்டினார்கள்? மிளகும் துணியும் ஏற்றி அனுப்புவதற்காகக் கட்டினார்கள். கீழே சரக்கு அறைகள், வெளியே கப்பல், தரகு, சண்டை, கூச்சல். 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு அதே ஊரில் அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். அந்தக் காலத்துக்கு அதைவிடப் பெரிய 'மாடர்ன்' சமாசாரம் என்ன இருக்க முடியும்? 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். வியாபாரம் போனது. அமைதி வந்தது.

வடக்கே இருக்கும் பூம்புகாரும் அப்படித்தான். இன்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போனால் காற்றுதான். பட்டினப்பாலை காட்டும் புகார், மூட்டை மூட்டையாகச் சரக்கு குவிந்து, சோழனின் புலி முத்திரை குத்தி முடியாமல் திணறும் துறைமுகம். இன்று நாம் 'பாரம்பரியம்' என்று பார்க்கப் போவதெல்லாம் ஒரு காலத்தில் பிழைப்பைத் தேடி மனிதர்கள் கட்டியது. பச்சைப் பெயின்ட் வீடு மாதிரி.

நான் பி.காம். படித்தவன். காலேஜில் படித்ததில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது ஒன்றுதான். ஒரு கணக்கில் பற்று எழுதினால், இன்னொரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் டாலி ஆகாது. கிராமத்து அமைதியை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம். அது யார் கணக்கில் பற்று என்று பார்ப்பதில்லை. பாட்டியின் விறகடுப்புச் சமையல் ருசியைப் பற்றி இன்னும் பேசுகிறோம். அந்தப் புகையை ஊதி ஊதி இருமியது யார்?

'அதற்காக எல்லாக் கிராமத்திலும் ஷாப்பிங் மால் கட்டிவிடலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். கோட்டைக்கு எதிரேயே இருக்கிறது மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கொட்டத்தான் வேண்டும். அதற்கு நம் வரிப்பணம் போகட்டும், சந்தோஷம். ஆனால், ஒரு கோயிலைக் காப்பாற்றுவது வேறு, ஓர் ஊரையே நம் கண்ணுக்காக அப்படியே நிறுத்தி வைக்க நினைப்பது வேறு. கோயில் கல்லுக்குப் பிள்ளையைப் படிக்க வைக்கும் கவலை கிடையாது. ஊரில் இருப்பவர்களுக்கு உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது என்று முதலில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். விருந்தாளி இல்லை.

நாம் நம் வீட்டுக்கு மட்டும் மார்பிள் போட்டுக்கொள்கிறோம். அடுத்தவர் வீடு ஓடாக, திண்ணையாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறோம். வருஷத்தில் நாலு நாள் வந்து போகிற நமக்காக மீதி 361 நாளும் அவர்கள் அப்படியே இருக்க வேண்டுமாம்!

எனவே, போங்கள். நிச்சயம் போங்கள். கோட்டையைப் பாருங்கள், கோயிலைப் பாருங்கள், வயல் வரப்பில் நடங்கள். ஆனால், 'ஐயோ, இந்த ஊர் மாறிப்போச்சே' என்று வாய் வரைக்கும் வந்தால், ஒரு நிமிஷம் பொறுத்து அங்கே இருக்கும் யாரிடமாவது கேளுங்கள். மாறியது அவர்களுக்கு லாபமா, நஷ்டமா என்று. நஷ்டம் என்றால் அவர்களோடு சேர்ந்து வருத்தப்படுங்கள். லாபம் என்றால் உங்கள் வருத்தத்தை ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் போட்டோவை பிரின்ட் போட்டு, பெரியப்பா விலாசத்துக்கு அனுப்பினேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாக போன் செய்தார். டி.வி. பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம்.

நான் கிளம்பிய அன்றைக்கு மெயின் ரோடு வரைக்கும் பெரியப்பா கூடவே வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார்:

"நீங்க பொங்கலுக்கு வந்திருக்கணும் தம்பி. பசங்க எல்லாரும் இருந்தானுங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரே சத்தம். நல்லா இருந்துச்சு."