ஊகம் வாய்மையாகுமா?

கொழிஞ்சாம்பாறைக்கு வடகிழக்கே, கோவையை அடுத்த சூலூரில் விமானப்படைத் தளம் உள்ளது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாட்களில் வானில் இரைச்சல் கேட்ட ஒருவர், 'போர் விமானங்கள் வடக்கே புறப்பட்டுவிட்டன' என்று சொல்லியிருந்தால், அது பொய்யா?

புகையைக் கண்டு நெருப்பை அறிவது அனுமானம் என்பர் நியாய நூலார். இரைச்சல் அத்தகைய புகையன்று. பயிற்சிக்காகவும் விமானங்கள் பறக்குமே! ஆகவே அவரிடம் இருந்தது ஐயம் மட்டுமே. ஐயத்தைச் செய்தியாக உரைப்பது பொய்யின் பாற்பட்டதே.

ஊகம் பலித்துவிட்டால்? அப்போது கேடு இன்னும் பெரிது. தவறிய ஊகம் விமானியின் தாயைக் கலங்க வைக்கும். பலித்த ஊகமோ விமானியையே பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும். படை நகர்வுகளை நேரலையாக ஒளிபரப்ப வேண்டாம் என்று 2025 ஏப்ரல் 26 அன்று மத்திய அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. திண்ணைப் பேச்சை அவ்வறிவுரை எட்டாது.